லிஸ்பன் கடிதம்: ஏழு குன்றும் நாலு தமிழரும்



ஜெர்மனியில் குப்பை கொட்டும் நான்கு தமிழர்கள் ஈஸ்டர் விடுமுறைக்கு லிஸ்பன் போய் வந்த கதை இது. அவர்கள் பெயர் எதற்கு? வெளிநாட்டில் தமிழனுக்குப் பெயர் அப்புறம்தான், முதலில் ஊர். ஆகவே கோவை அக்கா, தூத்துக்குடி அண்ணாச்சி, மதுரைக்காரர், கும்பகோணத்துத் தம்பி. டிக்கெட், திட்டம், கணக்கு மூன்றும் அக்கா கையில். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: டாக்சி கிடையாது. "நடந்து பார்த்தாத்தானுங்க ஒரு ஊரு தெரியும்" என்றார். மற்ற மூவரும் தலையாட்டினார்கள். அப்போது அவர்கள் விமானத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

லிஸ்பன் ஏழு குன்றுகளின் மேல் எழுந்த ஊர் என்று கையேடுகள் பெருமையாகச் சொல்கின்றன. முழங்கால்களிடம் கேட்டால் எண்ணிக்கை கூடும். தங்கியிருந்த இடம் பைஷா, அதாவது ஆற்றங்கரையை ஒட்டிய பள்ளத்துப் பகுதி. அங்கிருந்து சாவோ ஜார்ஜ் கோட்டைக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை என்றது கைபேசி. பொய் இல்லை. ஆனால் கோட்டை நிற்பது ஆற்று மட்டத்துக்கு நூறு மீட்டர் மேலே. இந்த ஊரில் வழி கேட்பவர் எத்தனை மீட்டர் என்று கேட்கக்கூடாது, எத்தனை படி என்று கேட்க வேண்டும்.

அடுத்தது தரை. லிஸ்பனின் நடைபாதைகளில் சிமென்டும் இல்லை, தாரும் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் கற்கள், நடுநடுவே கறுப்புக் கற்கள். அலை, பூ, கப்பல், நட்சத்திரம் என்று ஊர் முழுக்கக் கோலம். ரொசியோ சதுக்கத்தின் தரையில் கறுப்பும் வெள்ளையுமாக ஓடும் அலை அலையான வளைவுகளைப் பார்த்தால், மட்டமான இடத்திலேயே கால் தடுமாறும். ஒரு முனையில் பழுது பார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. குட்டி ஸ்டூலில் குந்தியிருந்த தொழிலாளி ஒரு கல்லை இடது கையில் ஏந்தி, சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி மூலையை உடைத்து, மணலில் வைத்து மூன்றாவது தட்டில் இறுக்கினார். அளவுகோல் கிடையாது, கண்தான் கணக்கு. இந்தக் கை வித்தை அழிந்துவிடக்கூடாது என்று லிஸ்பன் மாநகராட்சி 1986 முதல் இதற்கென்றே ஒரு பள்ளி நடத்துகிறது.

அழகுக்குக் குறைவில்லை. ஆனால் நூறு வருடமாக ஜனங்கள் நடந்து நடந்து தேய்ந்த கல் கண்ணாடி மாதிரி வழுக்கும், தூறல் விழுந்தால் கேட்கவே வேண்டாம். பயணத்துக்கென்றே புது ஷூ வாங்கியிருந்த அக்கா சரிவில் இறங்கும்போது சுவரைப் பிடித்தார், கம்பத்தைப் பிடித்தார், ஒரு தடவை முன்பின் தெரியாத ஸ்பானிஷ்காரர் தோளையும் பிடித்தார். பக்கத்தில் உள்ளூர்ப் பாட்டிகள் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு தரையைப் பார்க்காமலே போகிறார்கள்.

அந்தப் பாட்டிகளால்தான் விமோசனமும் வந்தது. ஃபன்கேய்ரோஸ் தெருவில் ஒரு சாதாரணக் கட்டட வாசலுக்குள் அவர்கள் ஒவ்வொருவராக நுழைந்து மறைவதை மதுரைக்காரர் கண்டுபிடித்தார். பின்தொடர்ந்து போனால் உள்ளே மாநகராட்சி லிஃப்ட், கட்டணம் இல்லை. மேலே ஏறி வெளியே வந்தால் அடுத்த தெரு. அதைத் தாண்டினால் ஒரு சூப்பர்மார்க்கெட் கட்டடம், அதிலும் ஒரு லிஃப்ட், அது கோட்டையின் இடுப்பு வரை கொண்டுபோய் விடுகிறது. 1902-இல் திறந்த சாந்தா ஜுஸ்தா என்ற இரும்பு லிஃப்டுக்கு ஊரே வரிசை கட்டி, காசு கொடுத்துக் காத்து நிற்க, சில தெரு தள்ளிப் பாட்டிகள் இலவசமாக மேலே போய்க்கொண்டிருந்தார்கள். லிஃப்டில் ஏறுவது நடைச் சட்டத்துக்கு விரோதமா என்று விவாதம் வந்தது. "டாக்சி கூடாதுன்னுதான சொன்னேன்?" என்று அக்காவே தீர்ப்பளித்தார்.

கோட்டைக்குக் கீழே அல்ஃபாமா. மூர்கள் என்ற முஸ்லிம்கள் ஆண்ட காலத்திலிருந்து இருக்கும் சந்துகள். எதிரெதிர் ஜன்னல்களில் காயும் துணிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். நால்வரும் ஒரு மணி நேரம் சுற்றியபின் மதுரைக்காரர் நின்றுவிட்டார். "எங்க ஊர்ல நாலு மாசி வீதியும் சுத்துனா கிளம்புன இடத்துக்கே வந்துரலாம். இங்க சுத்தி வந்தா வேற மாடியில நிக்கிறோம் மாப்ளே." லிஸ்பனைப் பற்றி எழுதப்பட்ட வழிகாட்டிகள் எதிலும் இவ்வளவு துல்லியமான வாக்கியம் இருக்க வாய்ப்பில்லை என்பது இதை எழுதும் ஆசாமியின் அபிப்பிராயம்.

அக்கா யோசித்துச் சொன்ன வழி: 28-ஆம் எண் டிராமில் ஏற வேண்டாம், அதன் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடப்போம். அந்த மஞ்சள் டிராமில் ஏறத்தான் உலகமே வருகிறது. கூட்டத்தில் பாக்கெட் அடிப்பவர்களும் ஏறுகிறார்கள். தண்டவாளத்தின் அகலம் 900 மில்லிமீட்டர், நம்மூர் மீட்டர் கேஜைவிடச் சிறிது. அந்தக் குட்டி வண்டி போவதற்கே சில இடங்களில் தெரு போதாது. மணி அடித்துக்கொண்டு அது வளைவில் திரும்பும்போது நால்வரும் ஒரு வீட்டு வாசற்கதவோடு பல்லி போல ஒட்டிக்கொண்டார்கள். டிராமுக்குள் நசுங்கி நின்ற பயணிகள் இவர்களைப் படம் எடுத்தார்கள்.

அல்ஃபாமா இப்படிப் பின்னிக் கிடக்க, பைஷா மட்டும் நூல் பிடித்தாற்போல நேராக இருப்பதற்குக் காரணம் ஒரு பேரழிவு. 1755 நவம்பர் 1, கிறிஸ்தவர்களின் சகல புனிதர் திருநாள். ஜனங்கள் காலைப் பூசைக்குக் கூடியிருந்த நேரத்தில் நிலம் நடுங்கியது. ஆற்றங்கரைக்கு ஓடியவர்களை அலை கொண்டுபோனது, மிச்சத்தைத் தீ நாள்கணக்கில் தின்றது. அமைச்சராக இருந்து பின்னாளில் பொம்பால் பிரபு ஆனவர் இடிபாட்டை வாரிவிட்டுப் புது ஊர் போட்டார்: பொன் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்போர் தெரு என்று தொழிலுக்கு ஒரு வீதி. சுவர்களுக்குள் குறுக்கும் நெடுக்குமாக மரச் சட்டங்களைக் கூண்டுபோலப் பின்னிவைத்தார்கள். மாதிரி வீட்டைச் சுற்றிப் படைவீரர்களைத் தடதடவென்று நடக்கவிட்டு, நிற்கிறதா என்று சோதித்தார்கள் என்று சொல்வார்கள். கார்மோ மடத்தின் கோவிலை மட்டும் கூரையில்லாமலே விட்டுவிட்டார்கள். இன்றும் வளைவுகளுக்கு மேலே வானம்தான். அன்றைய ராஜா முதலாம் ஜோசப் உயிர் பிழைத்தார், ஆனால் கல் கட்டடத்தைக் கண்டாலே உதறல். சாகிறவரை அஜுதா மேட்டில் கூடாரமும் மரக் கொட்டகையுமாகவே தர்பார் நடத்தினார். மலையேறி வந்து மூச்சு வாங்கிய தம்பிக்கு ராஜாவின்மேல் பரிதாபமே வரவில்லை. "கொட்டகைன்னாலும் தரைத்தளம் பாருங்க" என்றான்.

சாப்பாட்டுக் கதைக்கு வருவோம். முதல் நாள் ஓட்டலில் உட்கார்ந்ததும், கேட்காமலே ரொட்டி, வெண்ணெய், ஆலிவ் காய், சின்ன வட்டச் சீஸ் எல்லாம் மேசைக்கு வந்தன. என்ன உபசாரம் என்று மதுரைக்காரர் உருகிப்போனார். இட்லிக்குக் கொடுக்கும் சாம்பார் மாதிரி என்று நினைத்துத் தட்டைத் துடைத்து வைத்தார். பில்லில் ரொட்டிக்குத் தனி, வெண்ணெய்க்குத் தனி, ஆலிவுக்குத் தனி. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, நாட்டு வழக்கமே இப்படித்தான்: தொட்டால் காசு, தொடாவிட்டால் காசு இல்லை, சட்டமும் அப்படியே சொல்கிறது. அடுத்த வேளையிலிருந்து அக்கா காவல் காத்தார். ரொட்டிக் கூடை வந்ததும் நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தார்கள். பரிமாறியவர் சிரித்துக்கொண்டே திருப்பி எடுத்துப் போனார். தம்பியின் கண்கள் சமையற்கட்டு வரை கூடவே போயின.

காப்பியில் கும்பகோணம் திருப்தியடைந்தது என்பது வரலாற்றுச் செய்தி. லிஸ்பன்காரர்கள் பிக்கா என்று குடிக்கும் கறுப்புக் காப்பி இரண்டு மடக்கு, அதைப் பார்த்துத் தம்பி, "மருந்தா?" என்றான். ஆனால் கலாவ் என்று ஒன்று இருக்கிறது. உயரக் கண்ணாடி டம்ளரில் கால் பங்கு டிகாக்‌ஷன், முக்கால் பங்கு சூடான பால். நுரையும் உண்டு. டபராதான் இல்லை.

பெலெம் பகுதிக்குப் போனது மறுநாள். ஆற்றோரமாக ஆறேழு கிலோமீட்டர், முதல் தடவையாகச் சமதரை! நடுவழியில் செந்நிறத் தொங்குபாலம். 1966-இல் சர்வாதிகாரி சலாசாரின் பெயரில் திறந்தார்கள். 1974 ஏப்ரல் 25 புரட்சிக்குப் பிறகு அந்தத் தேதியையே பெயராக வைத்துவிட்டார்கள். மேலே இரும்புக் கிராதியில் கார்கள் ஓடுவதால் பாலம் எந்நேரமும் வண்டுபோல ரீங்கரிக்கிறது.

பெலெமின் ஜெரோனிமோஸ் மடத்துக் கோவிலில் நுழைந்ததும் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. 1524-இல் கொச்சியில் செத்தவரை 1539-இல் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இந்த மடத்துக்கு வந்து சேர்ந்தது 1880-இல். கல்லறையில் கப்பலும் செதுக்கியிருக்கிறது. "மிளகு வாங்க வந்தாங்க, மிளகாயைக் கொடுத்துட்டுப் போனாங்க" என்றார் அண்ணாச்சி. அமெரிக்காவில் விளைந்த மிளகாய் இந்தியாவுக்கு வந்தது போர்ச்சுகீசியர் கப்பலில்தான். அதைக் கொடுத்தவர்கள் ஊரில் உறைப்பாக ஒரு குழம்பு கிடைக்காமல் மூன்று வேளையும் பருப்புப் பொடியைப் பிரித்துக்கொண்டிருக்கிறோமே என்பது அவர் ஆதங்கம். அண்ணாச்சிக்கு இந்த ஊரில் உரிமையும் உண்டு: தமிழில் அச்சேறிய முதல் புத்தகம் 1554-இல் இதே லிஸ்பனில்தான் வந்தது. ஜெபப் புத்தகம், தமிழ்ச் சொற்கள், ரோமன் எழுத்து. தமிழர்கள் மூவர் இங்கே இருந்து உதவினார்கள். தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் வர 1578 ஆயிற்று. கல்லறைக்கு முன்னால் அண்ணாச்சி இதையெல்லாம் விளக்க, கூடவே இரண்டு மலையாளிகளும் நின்று கேட்டுவிட்டு, கொல்லத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பக்கத்தில் 1837 முதல் நடக்கும் புகழ்பெற்ற பாஸ்டெல் கடை. முட்டை மஞ்சள்கரு வைத்துச் சுட்ட சின்னக் கிண்ணப் பலகாரம், மேலே தூவ இலவங்கப்பட்டைப் பொடி. வாசலில் பார்சலுக்கு நீள வரிசை. உள்ளே உட்கார அறை அறையாக இடம். எத்தனை சாப்பிட்டார்கள் என்பது அக்காவின் கணக்கு நோட்டில் இருக்கிறது, இந்தக் கடிதத்தில் வராது.

திரும்பும் வழியில்தான் அண்ணாச்சி காணாமல் போனார். தேடினால் அர்சனால் தெருவில் ஒரு கடை வாசலில் கண் கலங்கி நிற்கிறார். உள்ளே பலகை பலகையாக அடுக்கியிருக்கிறது பக்கல்யாவ்: உப்புப் போட்டுக் காயவைத்த காட் மீன். தெரு முனை வரை வாடை. போர்ச்சுகல் கடலில் அந்த மீன் கிடையாது. வடக்கே நார்வே, ஐஸ்லாந்து பக்கத்திலிருந்து வருகிறது. ஆனாலும் அதைத் தின்னாத வீடு இல்லை, கிறிஸ்துமஸ் முந்தின இரவுச் சாப்பாட்டுக்கும் அதுதான். கடைக்காரர் ஒரு முழு மீனை இழுத்துப் போட்டு, கத்தியை அழுத்தித் துண்டு போட்டார். ஒன்றிரண்டு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்க வேண்டும் என்று கையாலேயே பாடம் எடுத்தார். உப்பளத்து ஊர்க்காரருக்கு உப்பிறக்கச் சொல்லித் தருகிறார்! அண்ணாச்சி துண்டை நகத்தால் கீறி, முகர்ந்து, "காய்ச்சல் பத்தாது" என்று தமிழில் சொல்லிவிட்டு வாங்கினார். இரவு ஓட்டலில் அதே மீனை உதிர்த்து, மெல்லிய உருளைக்கிழங்கு வறுவலும் முட்டையும் சேர்த்துக் கிளறிக் கொண்டுவந்தார்கள். கருவாட்டுப் பொடிமாஸ். அன்றுதான் பருப்புப் பொடி டப்பா மூடியே இருந்தது.

வாங்கியது யார் பெட்டியில் போவது என்ற பிரச்சினையில் மூவரும் ஒரே அணி. அண்ணாச்சி தன் குளிர்ச்சட்டைகளை எடுத்துவிட்டு இடம் பண்ணினார். பிறகு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, கருவாட்டைக் கேமரா முன்னால் திருப்பித் திருப்பிக் காட்டினார். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், கிலோ என்ன விலை என்றார், ரூபாயில் சொல்லச் சொன்னார்.

"அந்தக் காசுக்கு நம்ம ஊருல சீலாக் கருவாடு ஒரு சாக்கு வாங்கலாமேல. சரி, தலையைக் குடுத்தானா, வெட்டி எடுத்துக்கிட்டானா?"