ஏழாவது வழி

1991இல் பர்கூர் எம்.எல்.ஏ.வாகத்தான் ஜெயலலிதா முதல்வரானார். 1996இல் அதே தொகுதி அவரைத் தோற்கடித்தது. ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காக 2001இல் அவர் தொடங்கிய இலவச சைக்கிளை மட்டும் யாராலும் தோற்கடிக்க முடியவில்லை. ஆட்சி மாறியும் சைக்கிள் வருகிறது. அதை எங்கே ஓட்டுவது என்பதை அரசு பிள்ளைகளின் சாமர்த்தியத்துக்கே விட்டுவிட்டது. பர்கூரையொட்டிப் போகும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைக்கு ஆறு வழி. சைக்கிளுக்கென்று ஏழாவதாக ஒன்று போட யாருக்கும் தோன்றவில்லை. 'சைக்கிளுக்குத்தான் சுங்கமே இல்லையே' என்பார்கள். உண்மைதான், உயிரைப் பணயம் வைப்பவரிடம் பணமும் கேட்பது முறையில்லை.

2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஓசிப் பயணம் சோம்பேறியாக்கும் என்று கவலைப்படுவோர், சிப்காட்டில் சலுகை பெறும் கம்பெனிகளைப் பற்றி அப்படிக் கவலைப்படுவதில்லை. எல்லைக்கு அப்பால் கர்நாடகமும் 2023 ஜூனில் பெண்களின் இலவசப் பேருந்துக்கு 'சக்தி' திட்டம் கொண்டுவந்தது. ஆனால் அங்கத்திய முகவரி வேண்டும். 2017இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு சரக்கு லாரி வணிகவரிச் சோதனைச்சாவடியில் நிற்காமல் எல்லை தாண்டுகிறது. சரக்கைச் செய்யும் ஓசூர்ப் பெண், எல்லையோர அத்திப்பள்ளி தாண்டியதும் டிக்கெட் எடுக்க வேண்டும்.