ரிப்பீட்டரில் வாய் திறப்பது எப்படி?

பரீட்சை எழுதி, விசாரணை முடிந்து, ‘வியூ த்ரீ’ என்று தொடங்கும் அழைப்புக்குறி ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. உலகத்தோடு பேச அரசாங்கமே அனுமதி கொடுத்தாயிற்று. இனி நீங்கள் செய்ய வேண்டியது, பேசாமல் இருப்பது. பெரும்பாலான புது ஹாம்கள், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்கள், இந்தக் கட்டத்தை அபாரமாகச் செய்கிறார்கள். “கொஞ்ச நாள் கேளுங்க” என்று யாரோ ஒரு மூத்தவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ‘நெட்’ எனப்படும் காலை வானொலிக் கூட்டத்தில் யாருக்கு மூட்டுவலி, யார் வீட்டு மொட்டைமாடியில் ஆன்டெனா சாய்ந்தது என்பதெல்லாம் அத்துப்படியாகும்வரை கேட்கிறார்கள். பேசுவதற்கு அழுத்த வேண்டிய பி.டி.டி. பொத்தான் மட்டும் வாங்கியபோது இருந்த பளபளப்பு குறையாமல் இருக்கும்.

தைரியம் வந்த அன்று முதலில் கருவியின் செட்டிங்கைப் பாருங்கள். ஏற்காடு, கொடைக்கானல் மாதிரி உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ரிப்பீட்டர், ஒரு அலைவரிசையில் கேட்டு அதே நொடியில் இன்னொன்றில் திருப்பிச் சொல்லும். 2 மீட்டர் பட்டையில் இரண்டுக்கும் இடைவெளி வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். நாலு கட்டடம் குறுக்கே வந்தால் திணறுகிற உங்கள் 5 வாட் கைக்கருவி, மலையின் காதில் விழுந்துவிட்டால் அடுத்த மாவட்டத்திலும் ஒலிக்கும். ஆனால் பல ரிப்பீட்டர்கள் குரலோடு ஒரு டோனையும் எதிர்பார்க்கும்: 88.5 ஹெர்ட்ஸ், 123 ஹெர்ட்ஸ் என்று ஏதோ ஒரு மெல்லிய முனகல். அது இல்லாமல் நீங்கள் அரைமணி நேரம் அழைத்தாலும் மலை அசையாது. ஹாம்கள் எல்லாரும் தலைக்கனம் பிடித்தவர்கள் என்று முடிவுகட்டுவதற்கு முன் மெனுவை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

டோன் சரியா என்று சோதிக்க ஒரு கோழை வழி உண்டு. எதுவும் பேசாமல் பொத்தானை ஒரு தட்டு தட்டிவிட்டு, மலையிலிருந்து வரும் ‘க்ர்ச்ச்’ சத்தத்தைக் கேட்டு மகிழ்வது. பக்கத்து வீட்டுக் காலிங் பெல்லை அடித்துவிட்டு ஓடுகிற வயதில் இதற்குப் பழகியிருப்பீர்கள். அழைப்புக்குறி சொல்லாமல் அலையை அனுப்பக் கூடாது என்பது விதி. தவிர, ஊரில் புதிதாக லைசென்ஸ் வாங்கியவர் நீங்கள் ஒருவர்தான் என்றால், தட்டியது யார் என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை.

பேச வேண்டியது மிகக் கொஞ்சம். ‘சி.க்யூ., சி.க்யூ.’ என்று யாரையாவது பொதுவாகக் கூவி அழைப்பது ஷார்ட்வேவுக்குத்தான். இங்கே அழைப்புக்குறியைச் சொல்லி ‘மானிட்டரிங்’, அதாவது கேட்டுக்கொண்டிருக்கிறேன், என்றால் போதும். அழுத்தியவுடன் பேசாதீர்கள், ஒரு நொடி விடுங்கள். இல்லாவிட்டால் மலை விழிப்பதற்குள் உங்கள் ‘வியூ’ காணாமல் போய், வெறும் ‘த்ரீ’ மட்டும் ஊர் சுற்றும். அழைப்புக்குறியை எழுத்துக்கூட்டிச் சொல்ல, கே எழுத்துக்குக் ‘கிலோ’ என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். பதற்றத்தில் ‘கே ஃபார் கும்பகோணம்’ என்றுதான் வரும். பரவாயில்லை, அது கிலோவைவிட நன்றாகவே புரியும்.

இப்போது ஆபத்தான கட்டம்: யாராவது பதில் சொல்லிவிடுவார்கள். நீங்கள் இதற்குத் தயாராக இல்லை. பெயர், ஊர், கருவி, ஆன்டெனா, இந்த நாலைத்தான் கேட்பார்கள்; வேறு எதையும் கேட்கத் தெரியாது. அவர் உங்களை ‘ஓ.எம்.’, அதாவது கிழவனாரே என்று விளிப்பார். இந்தியாவில் பன்னிரண்டு வயதிலேயே லைசென்ஸ் வாங்கலாம். அந்தப் பொடியனும் ஓ.எம்.தான். நீங்கள் ‘ஓ.எம். சார்’ என்று சொல்லி நம் பக்கத்து மரியாதையையும் சேர்த்துக்கொள்ளலாம். சிக்னல் எப்படி என்றால் ‘ஃபைவ் நைன்’ என்று முழு மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கருவிக்குள் வருவது மலையின் அலை. அவருடையது என்று நினைத்து மலையைத்தான் பாராட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அரசியல் வேண்டாம், வியாபாரம் வேண்டாம், பாட்டுப் போடவே கூடாது. ஆகவே ஆன்டெனா பற்றிப் பேசுகிறோம். வானொலியில் வானொலியைப் பற்றியே பேசுவது வெளியாளுக்கு விசித்திரமாகத் தெரியலாம். வீட்டில் மொட்டைமாடி ஆன்டெனாக் கம்பத்துக்கு அனுமதி கேட்கும்போது, இதனால் யாருக்கு என்ன பயன் என்றால், 2004 டிசம்பரைச் சொல்லுங்கள். சுனாமியில் அந்தமானின் தொடர்புகள் அறுந்தபோது செய்தி கடத்தியவர்கள், பொழுதுபோக்காக உலகத்தோடு பேசுவதற்கென்று போர்ட் பிளேருக்குப் போயிருந்த ஹாம் பாரதி பிரசாத்தின் குழுவினர். இது உண்மை என்பதால் வாதம் நன்றாக நிற்கும்.

நடுவே இன்னொருவர் பேசும்போது நீங்களும் அழுத்திவிட்டால் ‘டபுள்’. எஃப்.எம்.மில் பலமான அலை ஜெயிக்கும். இருவரும் சமபலம் என்றால் ஊருக்குக் கிடைப்பது கீச்சொலி. ஒரே மூச்சில் நீளமாகப் பேசினாலும் ரிப்பீட்டரின் டைமர் வாயை அடைத்துவிடும். பல இடங்களில் அதற்கு 3 நிமிடம். மேடைப் பேச்சாளர்களுக்கு இப்படி ஒன்று ஏன் இன்னும் வரவில்லையோ.

விடைபெறும்போது சொல்லும் வாழ்த்து ‘செவன்ட்டி த்ரீ’ (73). ‘த்ரீஸ்’ என்று பன்மையாக்கினால் மூத்தவர் ஒருவர் உடனே திருத்துவார். அந்தத் திருத்தத்துக்கு நன்றி சொல்லி இன்னொரு 73 சொல்ல வேண்டும். அதற்கு அவர் பதில் 73 சொல்வார். பிறகு ‘ஃபைனல்’ வரும், ‘ஃபைனல் ஃபைனல்’ வரும், இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த மூன்றாமவர் ‘பிரேக்’ போட்டு உங்கள் ஆன்டெனா என்ன என்று கேட்பார். இதற்கெல்லாம் பேட்டரியில் பாதியாவது மிச்சம் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.