தீவகத்துக் கத்தரியும் குடும்பத்தார் குளியலும்: ஒரு பூர்வாங்க ஆய்வு

1. ஆய்வுப் பிரச்சினை

யாழ்ப்பாணத் தீவகத்தில் தை கழிந்தால் மழைக்கதையும் முடிந்தது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்ததை வைத்துக்கொண்டுதான் அடுத்த ஐப்பசிமட்டும் காலம் தள்ளவேண்டும். ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லை. மாரியில் நிரம்பிய குளங்கள் பங்குனியில் வெடித்துக் கிடக்கும். ஆயினும் வேலணையிலும் புங்குடுதீவிலும் நயினாதீவிலும் இதே மாசி, பங்குனி, சித்திரையில் வீட்டு வளவுகளிலே கத்தரி காய்க்கிறது, பயிற்றை பந்தலேறுகிறது, செவ்வரத்தை நாள் தவறாமல் பூக்கிறது. இதற்கு யார் பொறுப்பு என்பதே ஆய்வுப் பிரச்சினை. வீட்டில் யார் எத்தனை வாளி குளிக்கிறார்கள் என்பதே விடை என இக்கட்டுரை வாதிடும்.

2. முன்னைய கொள்கைகளும் மறுப்பும்

இத்துறையில் இதுவரை இரண்டு கொள்கைகள் கோலோச்சி வந்துள்ளன. முதலாவது எருக் கொள்கை. இதைப் பெரும்பாலும் சாய்மனைக் கதிரையில் இருக்கும் ஆண்கள் முன்மொழிவர். மாட்டெருவும் பூவரசங்குழையும் தாழ்த்தால் கல்லிலும் காய் பிடிக்கும் என்பது அவர்கள் கட்சி. ஒரே எருவைப் படலையடிப் பாத்திக்கும் கிணற்றடிப் பாத்திக்கும் போட்டுப் பார்த்தால் கட்சி கலைந்துவிடும். படலையடிக் கன்று சித்திரை வெயிலில் சுருள, கிணற்றடிக் கன்று அடுத்த காயைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது கைராசிக் கொள்கை. ஊருக்கு ஒரு பெரியம்மா இருப்பார். அவர் எதை ஊன்றினாலும் துளிர்க்கும் என்று ஊர் நம்பும். அவரும் மறுத்துப் பேசமாட்டார். அவருடைய கையை எல்லோரும் பார்த்தார்களே தவிர, பாத்தி எங்கே இருக்கிறது என்று எவரும் பார்க்கவில்லை. அது கிணற்றடி வாய்க்காலின் முதல் மடையில் இருக்கும். இராசி கைக்கா மடைக்கா என்ற கேள்வியைப் பெரியம்மாவிடம் நேரே கேட்கும் துணிவு எந்த ஆய்வாளருக்கும் வந்ததில்லை.

3. நிலவியல் அடிப்படை

தீவுகளின் அடியில் இருப்பது சுண்ணக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளினூடே இறங்குகிறது. உவர்நீரைவிடப் பாரம் குறைந்தது என்பதால் அதன்மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. தீவகத்துக் குடும்பம் ஒன்று குடிப்பதும் குளிப்பதும் இந்த வில்லையில்தான்.

1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் லெய்டன், மிடில்பேர்க், அம்ஸ்டர்டாம், ரொட்டர்டாம் என்று தங்கள் நாட்டு ஊர்ப்பெயர்களை இத்தீவுகளில் நட்டனர். நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ட் என்ற பெயர் மட்டுமே வேர் பிடித்தது, மற்றவை பட்டுப்போயின. கிணற்றடியிலிருந்து தூரத்தில் நட்டிருப்பார்கள் போலும். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதே ஒல்லாந்தரில் ஒருவரான பாடன் கைபன், கரையோர நன்னீர் பற்றி ஒரு கணக்குச் சொன்னார். 1901 இல் ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க் தனித்து அதே கணக்குக்கு வந்துசேர்ந்தார். கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். இதை மறுபக்கமாகப் படிப்பவருக்கு நெஞ்சு திக்கென்னும்: மேலே 1 அடி நிரந்தரமாகக் குறைந்தால், கீழிருந்து உவர் 40 அடி ஏறிவரும்.

ஆகவே தோட்டத்துக்கென்று தனியாகத் தண்ணீர் இறைப்பது தீவகத்தில் ஊதாரித்தனம். ஒரே தண்ணீர் முதலில் மனிதரில் விழுந்து, பிறகு மரக்கறியில் விழவேண்டும்.

4. குளியல் வகைப்பாடு

தோட்டவியல் நோக்கில் குளியல் மூவகைப்படும்.

(அ) மேல் கழுவல்: தலை நனையாதது. நாலைந்து வாளியோடு முடியும். வாய்க்காலின் முதல் மடையிலேயே வற்றிவிடும். இதனால் ஆகக்கூடியது கொஞ்சம் பொன்னாங்காணி.

(ஆ) தோய்தல்: தலையோடு சேர்ந்தது. பத்துப் பன்னிரண்டு வாளி. கத்தரி, வெண்டி, மிளகாய் ஆகியவை இவ்வகையின் பயனாளிகள்.

(இ) முழுக்கு: சனிக்கிழமைகளில் நல்லெண்ணெய் தேய்த்துச் செய்வது. எண்ணெய் போகும்வரை ஊற்றவேண்டியிருப்பதால் வாளிக்கணக்கு தப்பிவிடும். கடைசி மடையிலுள்ள வாழை இதற்காக வாரம் முழுதும் காத்திருக்கும்.

10 லீற்றர் வாளியால் ஒருவர் 12 வாளி தோய்கிறார் எனக் கொள்வோம். ஆறு பேர் கொண்ட வீடு நாளொன்றுக்கு 720 லீற்றரைப் பாத்திகளுக்கு அனுப்புகிறது. இதில் எவருக்கும் தோட்டம் செய்யும் எண்ணம் இருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. "உந்தத் தண்ணியை வாழைப் பக்கம் திருப்பிவிடு, பிள்ளை" என்று குசினியிலிருந்து அம்மம்மாவின் குரல் வரும். குளிப்பவர் காலால் மண்ணை ஒதுக்கி மடையை மாற்றுவார். தீவகத்தின் நீர்ப்பாசன நிர்வாகம் இவ்வளவே.

சவுக்காரம் பற்றி ஒரு குறிப்பு. ஐதான சவுக்காரத் தண்ணீர் அழுக்கணவனைக் கொல்லும் என்று விவசாயப் போதனாசிரியரும் சொல்வார். ஆனால் ஒரே பாத்தியில் நாளும் பொழுதும் விழுந்தால் மண் இறுகிப்போகும். எனவே சவுக்காரம் போடும்போது ஒரு மடையும் அலசும்போது வேறு மடையுமாக மாறிமாறித் திறப்பது உத்தமம். கண்ணில் நுரையோடு நிற்பவரிடம் இதைச் சொல்லி விளங்கப்படுத்துவது கடினம்.

5. பூவியல்

பங்குனித் திங்கள் விரதம் இக்கொள்கைக்குக் கிடைத்த பெருஞ்சான்று. விரதகாரர் விடியமுன் தோய்ந்துவிட்டுத்தான் பூப்பறிக்க வருவர். தோயும் தண்ணீர் செவ்வரத்தைக்கும் நந்தியாவட்டைக்கும் போகிறது. அப்பூ அம்மனுக்குப் போகிறது. அம்மனைக் கும்பிட அடுத்த திங்களும் தோயவேண்டியிருக்கிறது. இவ்வட்டம் எங்கே தொடங்கியது என்பது சமயவியலாருக்குரிய வினா.

வேலிக்கு வெளியே தலை நீட்டிய பூ யாருக்குச் சொந்தம் என்ற பழைய வழக்கும் இங்கே தீர்கிறது. அதைப் பறிக்கும் அயல்வீட்டு மாமி கோயிலுக்கென்றுதான் பறித்தேன் என்பார். எந்தக் கோயில் என்று கேட்பது பண்பன்று. ஆனால் யார் குளித்த தண்ணீரில் அது பூத்தது என்று கேட்கலாம்.

6. கொள்கையின் எல்லை

குளியல் கூடக்கூட விளைச்சலும் கூடுமென்றால், கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் ஆனி, ஆடியில் வந்திறங்கும் உறவினரால் தீவகம் சோலையாகியிருக்க வேண்டும். அவர்கள் புழுக்கம் தாளாமல் நாளுக்கு மூன்று தடவை குளிப்பவர்கள். முதல் வாரம் வாழை நிமிர்வதும் உண்மை. அதற்குப் பிறகு இலை விளிம்புகள் கருகத் தொடங்கும்.

காரணம் குளிப்பு அன்று, அவர்கள் கிணற்றில் பூட்டும் மோட்டர். வாளியால் அள்ளுபவருக்குக் கை நோகும். அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் கிணறு ஊறும். மோட்டருக்குக் கை நோவதில்லை. நன்னீர் சடுதியாக இறங்க, கிணற்றின் நேர்கீழே உவர் கூம்பாக மேலெழும். ஹெர்ஸ்பேர்க்கின் கணக்கைத் தலையில் சம்பூ வைத்திருப்பவர் நினைத்துப் பார்ப்பதில்லை. பயிற்றை, வெங்காயம், மிளகாய் என்று ஒவ்வொன்றாக விடைபெறும். பனை மட்டும் ஒன்றும் நடவாததுபோல் நிற்கும்.

7. ஒப்பீட்டு மாதிரி

எந்த ஆய்வுக்கும் ஒப்பீட்டு மாதிரி ஒன்று வேண்டும். தீவகத்தில் அதைத் தேடி அலையத் தேவையில்லை. 1990களின் தொடக்கத்தில் போரினால் இடம்பெயர்ந்து, பிறகு திரும்பாதவர்களின் வளவுகள் தீவுக்குத் தீவு கிடக்கின்றன. அங்கே அதே சுண்ணக்கல், அதே மழை. எவரும் அள்ளாததால் கிணற்றில் தண்ணீரும் உண்டு. எருக் கொள்கையினருக்காகச் சொல்வதானால், வேலி இல்லாத அவ்வளவுகளில் அயலூர் மாடுகள் எருவைத் தாமே கொண்டுவந்து போடுகின்றன. ஆனால் ஒரு கத்தரிக் கன்று கிடையாது. நெடுந்தீவின் பெருக்கமரம் போல அடிமரத்தில் தண்ணீரைச் சேமித்து வைக்கத் தெரியாத செடிகளுக்கு, பக்கத்தில் நின்று குளிக்க ஓர் ஆள் வேண்டும். இக்கட்டுரையின் மற்றப் பகுதிகளை மறுப்பவர்கள் இந்தப் பகுதியை மறுக்க முன்வருவார்கள் எனத் தோன்றவில்லை.

8. பரிந்துரைகள்

(1) வெளிநாட்டு உறவினர் தோட்ட அபிவிருத்திக்கெனக் காசு அனுப்புவதை நிறுத்தி, ஆளை அனுப்பவேண்டும். வரும் காலம் ஆடியாக இல்லாமல் மாசியாக இருத்தல் நன்று.

(2) வந்தவர் மோட்டர் பூட்டுவதற்கு முன் ஒரு சனிக்கிழமையாவது கிணற்றடியில் நின்று முழுகவேண்டும். மடை மாற்றுவது எப்படியென்று பெரியம்மா காட்டித் தருவார். கைராசி பற்றியும் சொல்வார், கேட்டுக்கொள்ளலாம்.

(3) வாளி கொண்டுவரத் தேவையில்லை. எல்லாக் கிணற்றடியிலும் ஒன்று கவிழ்ந்து கிடக்கும். கயிற்றை மட்டும் புதிதாக வாங்கவும்.