சீரியல் செட் பஞ்சாயத்து

மார்கழி பிறந்துவிட்டால் பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள எங்கள் தோணிரேவில் எல்லாரும் எலக்ட்ரீஷியன்தான். கார்த்திகை வரைக்கும் ஃபியூஸ் போனால் பக்கத்துத் தெருவுக்கு ஆள் அனுப்பியவர்கள்கூட, கிறிஸ்துமஸ் நெருங்கியதும் டெஸ்டரை வாயில் கவ்விக்கொண்டு ஏணியில் ஏறிவிடுகிறார்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று விசேஷங்கள் வரிசை கட்டி வருவதால், ஒருதரம் மாட்டிய விளக்கைக் காணும் பொங்கல் முடியும்வரை யாரும் இறக்குவதில்லை. ஏசு பிறப்புக்குக் கட்டிய நட்சத்திரத்தின் கீழேயே பொங்கல் பானையும் பொங்கும். அதில் ஒருவருக்கும் ஆட்சேபம் கிடையாது. சண்டையெல்லாம் பல்புக்கும் பல்புக்கும் நடுவே எத்தனை அடி என்பதில்தான்.

அடிக்கு ஒன்று என்பது இளைஞர் கட்சி. மூன்றடிக்கு ஒன்று போதும் என்பது வரிப்பணத்தை மடியில் வைத்திருக்கும் பெரியவர்கள் கட்சி. நடுவில் வாசல் கட்சி என்று ஒன்று உண்டு: "எங்க வூட்டு முன்னாடி மட்டும் இன்னாத்துக்கு இருட்டு? நாங்க வரி குடுக்கலியா?" இந்தக் கட்சிக்கு ஜாஸ்தி ஓட்டு. அதனால் பேப்பரில் சம இடைவெளியில் இருந்த பல்புகள், கட்டி முடிக்கும்போது குரல் பெரிதாக உள்ள வாசல்களில் கொத்துக் கொத்தாகச் சேர்ந்துவிடும். ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' பழவேற்காட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள்கூட வந்து ஆராய்ச்சி செய்து எழுதியிருக்கிறார்கள். தண்ணீரைப் பங்கு போடத் தெரிந்த ஏரிக்கரைக்கு வெளிச்சத்தைப் பங்கு போடத் தெரியவில்லை.

பழைய சீரியல் செட்டில் இன்னொரு கூத்து. 230 வோல்ட் கரன்ட்டை 6 வோல்ட் குட்டி பல்புகள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு வரிசையில் 38 பல்பாவது இருக்க வேண்டும். நம் ஆள் என்ன செய்வார்? வாசல் சின்னது என்று 10 பல்பை வெட்டி எடுத்துவிட்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றிவிடுவார். மிச்சம் 28. தலைக்கு 8 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும். அன்று ராத்திரி அந்த வாசல்தான் ஊரிலேயே ஜொலிக்கும். "பாத்தியா, நம்ம கை ராசி" என்பார். மறுநாள் ஒன்று புட்டுக்கொள்ளும். அதோடு மொத்த வரிசையும் அணையும். 28 பல்பில் எது செத்தது என்று தேட வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் லீவு நாளில் உட்கார வேண்டும். எல்இடி வந்தபின்னும் தப்பிக்க வழியில்லை. சிவப்புக்கு 2 வோல்ட், வெள்ளைக்கும் நீலத்துக்கும் ஏறக்குறைய 3 வோல்ட் என்று கலருக்கு ஒரு கணக்கு. "எனக்கு முழுக்க நீலம்தான் வேணும்" என்று சிவப்பைப் பிடுங்கி நீலம் சொருகினால் வரிசை மங்கிப்போகும்.

நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் 1882-இல் தன் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் 80 மின்விளக்குகளைக் கட்டிச் சுற்றவும் விட்டார். சிவப்பு, வெள்ளை, நீலம், மூன்றே நிறம். அவர் வீட்டு மரம், அவர் ஒயர், அவர் பல்பு. வாசல் கட்சி கிடையாது. இருந்திருந்தால் அந்த வருஷம் விளக்கு எரிந்திருக்குமா என்பது சந்தேகமே.

எங்கள் ஊரில் இதையெல்லாம் தீர்த்துவைக்கத் தகுதியான ஆள் லைட் செட்காரர் இல்லை, வலை பின்னுகிற மாமாதான் என்பது என் கட்சி. மேல்கயிற்றில் மிதப்பை அகலமாக வைத்தால் நடுவில் வலை தொய்யும், நெருக்கி வைத்தால் காசு வீண். பல்புக்கும் அதே கணக்குதான். போன தடவை திண்ணையில் இருந்தபடியே அவர் சொன்னார்: "ஒயரை ஏன்டா இழுத்துக் கட்றே? கவுறு முதல்ல கட்டு, ஒயரைக் கவுத்துல கட்டு. காத்தடிச்சா கவுறு இழுபடட்டும். ஹோல்டர் வாய் கீழ பாக்கணும், இல்லன்னா மழைத்தண்ணி குடிக்கும். பெட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒயரைக் கொஞ்சம் தாழ்த்தி வுடு, தண்ணி அங்கியே சொட்டிடும்." படித்த இன்ஜினியர்களும் இதைத்தான் சொல்வார்கள், கொஞ்சம் பில்லோடு.

உப்புக்காற்றைப் பற்றி மட்டும் மாமாவுக்கும் வருத்தம். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டைப் பொங்கலுக்குப் பிரித்தால் செம்பில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். வடகிழக்குப் பருவமழையின் மிச்சம் வேறு டிசம்பரில் வந்து பார்த்துவிட்டுப் போகும். அதனால் இந்தக் கரையில் பல்புக்குச் செலவழிப்பதைவிடத் தண்ணீர் புகாத ஜாயின்ட்டுக்குச் செலவழிப்பதே புத்தி. 60 வாட் குண்டு பல்பு 20 கட்டினால் 1200 வாட். 9 வாட் எல்இடி 20 கட்டினால் 180 வாட்தான். மிச்சமாகும் காசு ஜாயின்ட்டுக்குப் போகலாம். போவதில்லை. இன்னும் 100 பல்பு வாங்கப் போகிறது. கடலில் எல்இடி விளக்கு போட்டு மீன் பிடிப்பதை மத்திய அரசு 2017-இல் தடை செய்தது. கரையில் எல்இடி போட்டு ஆள் பிடிப்பதற்குத் தடை ஏதும் இல்லையே.

சிரிக்க முடியாத இடம் ஒன்று உண்டு. தஞ்சாவூர் களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அன்று தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். அதற்கப்புறமும் மெயின் லைனில் கொக்கி மாட்டி விளக்கு எரிப்பதைச் சாமர்த்தியம் என்று பேசுகிறவர்களைப் பார்க்கிறேன். தற்காலிக இணைப்புக்கு மின்வாரியத்தில் மனு கொடுங்கள். கசிவு வந்தால் தானே அணைக்கும் 30 மில்லிஆம்பியர் சுவிட்ச் ஒன்று போடுங்கள். இடைவெளி ஒரு அடியா மூன்று அடியா என்பதை அதற்கப்புறம் பொங்கல் வரைக்கும்கூட விவாதிக்கலாம். மீன் வாங்க இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: எங்கள் விளக்கை எவ்வளவு வேண்டுமானாலும் பாருங்கள், போட்டோ எடுங்கள்; எந்த ஒயரையும் தொட்டுவிடாதீர்கள்.