உண்டி காரணம், நடை காரியம்

ஞாயிற்றுக்கிழமை காலை இங்கிலாந்தின் சிற்றூர் ரயில் நிலையம் ஒன்றில் பதினைந்து இருபது பேர் கூடி நிற்கிறார்கள். பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். எல்லார் பூட்ஸிலும் போன மாதத்துச் சேறு. இது நடைக்குழு என்று அறிக. வயலோரமும் காட்டுப்பாதையுமாக ஆறேழு மைல் நடந்து, ஒரு பப்பில் மதிய உணவு உண்டு கலைவது இக்குழுவின் இயல்பு. நடையே நோக்கம், உணவு அதற்குப் பின்வரும் இளைப்பாறல் என்பது உலக வழக்கு. அவ்வழக்கு பிழையானது என்று நிறுவ வந்ததே இவ்வாராய்ச்சி. உணவே காரணம், நடை அதன் காரியம். பின்னால் வருவது முன்னால் நடப்பதற்கு எப்படிக் காரணமாகும் என்று கேட்பவர், பந்தி போடும்வரை முகூர்த்தத்தில் பொறுமையாக உட்கார்ந்திருந்தவர்களைக் கண்டதில்லை போலும்.

முதற்சான்று, நிலப்படம். ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற நிலஅளவை அமைப்பு வெளியிடும் 1:25,000 அளவுப் படம் நடப்போர் கையில் வேதம். லண்டனுக்குத் தெற்கே சர்ரே மாவட்டத்துப் பாக்ஸ் ஹில் குன்றுக்குப் போகிறவர் 146ஆம் எண் படத்தை எடுத்துப் போவார். அதில் நடக்க உரிமையுள்ள பாதைகள் பச்சை நிறத்தில் விட்டுவிட்டு ஓடும். தேவாலயங்களுக்குச் சிலுவை வைத்த கறுப்புச் சதுரமும் வட்டமும். பப்புக்கோ கைப்பிடியோடு கூடிய நீலக் குவளை. இந்த அமைப்பு 1791இல், பிரெஞ்சுக்காரர் படையெடுப்பாரோ என்ற அச்சத்தினிடையே ராணுவத்துக்காகப் பிறந்தது. பிரெஞ்சுப் படை வந்து சேரவில்லை. குவளை வந்து சேர்ந்தது.

இரண்டாம் சான்று, காலக்கணக்கு. குழுத்தலைவர் வழியைத் தேர்ந்துவிட்டுப் பப்பைத் தேடுவதில்லை. பப்புக்குத் தொலைபேசியில் பேசி, சமையலறை எத்தனை மணிக்கு மூடும் என்று முதலில் கேட்கிறார். இரண்டரை என்றால் ஒன்றேகாலுக்கு மேசையில் இருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்து, கிடைத்த நேரத்துக்குள் அடங்கும் பாதையை வெட்டி எடுக்கிறார். எண்ணுவதற்கு அவருக்கு உதவுவது வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் வகுத்த விதி: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். விதி நல்ல விதிதான். ஆனால் நெய்ஸ்மித் வேலிப்படிகளைக் கணக்கில் கொள்ளவில்லை. ஆடு மாடு தாண்டாமல் ஆள் மட்டும் ஏறி இறங்குவதற்கு வேலியில் மரப்பலகை அடித்திருப்பார்கள். ஒருவர் ஏறி, காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, முழங்காலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி இறங்க அரை நிமிடம். இருபது பேருக்குப் பத்து நிமிடம். இப்படி ஆறு வேலி இருந்தால் சமையலறை மூடிவிடும். எனவே தேர்ந்த தலைவர் காட்சியழகுக்காக அல்ல, வேலி குறைவு என்பதற்காகவே ஒரு பள்ளத்தாக்கைத் தேர்வார்.

எதிர்மறைச் சான்றும் உண்டு. மழைக்காக இக்குழுக்கள் நடையைக் கைவிடக் கண்டவர் அரியர். பப் பூட்டியிருக்கிறது என்று செய்தி வரட்டும், அப்போது தெரியும்.

இனி இலக்கியம். ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' 1815 டிசம்பரில் வெளிவந்தது. அதில் ஒரு கூட்டம் இதே பாக்ஸ் ஹில்லுக்கு உல்லாசமாகப் போகிறது. போன இடத்தில் பேச்சு சுவைக்கவில்லை. எம்மா ஏழை மிஸ் பேட்ஸைக் குத்திப் பேசிவிட்டு, பிற்பாடு அழுகிறாள். திறனாய்வாளர்கள் இதற்கு வர்க்கம், கர்வம், காதல் என்று ஏதேதோ காரணம் காட்டினார்கள். ஊரிலிருந்து ஏழு மைலையும் பெரும்பாலோர் வண்டியில் வந்து கடந்தார்கள் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. நடக்காமல் உண்ட பந்தி சண்டையில் முடியும். ஏழு மைல் நடந்து வந்திருந்தால் எம்மாவுக்குக் கேலி பேசத் தெம்பு இருந்திருக்காது. மிஸ் பேட்ஸும் வாய் நிறையப் 'பை' பணியாரம் வைத்திருந்திருப்பாள்.

அதே குன்றின் அடியில் உடன்பாட்டுச் சான்றும் கிடைக்கிறது. 1879இல் லெஸ்லி ஸ்டீபன் 'சண்டே டிராம்ப்ஸ்' என்ற நடைக்குழுவைத் தொடங்கினார். எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் தந்தை. ஆல்ப்ஸ் சிகரங்களில் ஏறியவர். பாதிரிப் பட்டத்தைத் துறந்தவர். ஞாயிறு காலையில் தேவாலயம் போகாத அறிஞர்களும் வக்கீல்களும் அவர் பின்னால் நீளநீளமாக அடி வைத்தார்கள். நாவலாசிரியர் ஜார்ஜ் மெரிடித் பாக்ஸ் ஹில் அடிவாரத்து ஃபிளின்ட் காட்டேஜில் குடியிருந்து இவர்களை விருந்தோம்பினார். கடவுளே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தவர்களும் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை என்பது இங்கே கொள்ளத்தக்கது.

மறுப்பாளர் இந்த இடத்தில் கிண்டர் ஸ்கௌட்டைக் கொண்டுவந்து நிறுத்துவார். 1932 ஏப்ரல் 24 அன்று டெர்பிஷயரில், வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த அந்த மேட்டுநிலத்தில் நூற்றுக்கணக்கானோர் அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அத்துமீறியவர்கள் சாப்பாட்டுக்காகவா போனார்கள்? இல்லை. வாரமெல்லாம் மான்செஸ்டர்ப் பக்கத்து ஆலைப்புகையில் கிடந்து, ஒரு நாள் காற்றுக்காகப் போனவர்கள். அவர்களை இவ்வாராய்ச்சிக்குள் இழுப்பது நியாயமாகாது, விலக்கு அளிக்கிறேன். நடப்போர் உரிமையை ஏற்ற 1949, 2000 ஆண்டுகளின் சட்டங்கள் வரை நீண்ட கிளர்ச்சியில் அவர்களைப் போன்றோர் திறந்த பாதைகளில்தான் நம் குழு இன்று பப்புக்குப் போகிறது.

வழியில் நிகழும் உரையாடலும் ஆய்வுக்குரியது. முதல் மைலில் வானிலை. இரண்டாவதில் மூட்டு, மூன்றாவதில் வீட்டுவிலை. அதற்குமேல் எல்லாப் பேச்சும் உணவில் போய் விழும். பீட்டர் லபிலியர் என்ற ராணுவ அதிகாரி 1800இல் தம் விருப்பப்படியே பாக்ஸ் ஹில்லில் தலைகீழாகப் புதைக்கப்பட்டார். உலகமே தலைகீழாகப் புரளும் நாளில் தாம் நேராக நிற்கலாம் என்பது அவர் கணக்கு. இந்த அரிய கதையைத் தலைவர் அவருடைய நினைவுக்கல்லருகே நின்று விரித்துரைக்கும்போது, பின்னாலிருந்து ஒரு குரல், "உருளைக்கிழங்கு வறுத்ததா, மசித்ததா?" என்று கேட்கும்.

பப்பில் நிகழ்வன. வாசலில் பூட்ஸைக் கழற்றுவோர், அதன்மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொள்வோர் என இருவகையினர். ஒரு வாரம் முன்பே ஆளுக்கு என்ன வேண்டும் என்று தலைவர் கேட்டு எழுதி அனுப்பியிருப்பார். தட்டு வந்ததும் தாம் சொன்னது எது என்று ஒருவருக்கும் நினைவிராது. மீன் தட்டு மூன்று மேசை சுற்றி வந்து, காய்கறிப் 'பை' பணியாரம் கேட்டவரிடம் நிற்கும். சிலர் 'பிளவ்மேன்ஸ் லஞ்ச்' கேட்பார்கள்: ரொட்டி, பாலாடைக்கட்டி, வெங்காய ஊறுகாய். ஏர் உழுதவன் காலங்காலமாக உண்டது என்று மதிப்பாகச் சொல்லிக்கொள்வார்கள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பழையவைதான். அந்தப் பெயரை நாடெங்கும் பரப்பியவர்கள், 1950களிலும் 60களிலும் பாலாடைக்கட்டி விற்க முனைந்த வியாபார அமைப்புகள்.

உடல்நலத்துக்காக நடக்கிறோம் என்ற வாதத்துக்கு ஒரு பத்தி போதும். மைலுக்குச் சுமார் 100 கலோரி என்று வைத்தால் ஆறு மைலுக்கு 600. வறுத்த மாட்டிறைச்சி, யார்க்‌ஷயர் புட்டிங், குழம்பு, அதன்மேல் ஒரு ஸ்டிக்கி டாஃபி புட்டிங் என்று வந்தால் அந்த வரவு எப்போதோ தீர்ந்து கடன் ஏறியிருக்கும். புட்டிங் வேண்டாம் என்றவர்தான் அடுத்தவர் தட்டுக்குக் கரண்டி கேட்பார்.

எஞ்சியிருப்பது பப்பிலிருந்து ரயில் நிலையம்வரை உள்ள ஒரு மைல். சமதரை, வேலி கிடையாது, வழி தெரிந்தது; காலையில் இருபது நிமிடத்தில் கடந்த தூரம். மாலையில் அதற்கு முக்கால் மணி ஆகிறது, ரயிலும் போய்விடுகிறது. 2,000 அடிக்கு ஒரு மணி நேரம் கூட்டச் சொன்ன நெய்ஸ்மித், ஒரு யார்க்‌ஷயர் புட்டிங்குக்கு எவ்வளவு கூட்டுவது என்று சொல்லாமல் போய்விட்டார்.