அடவுக்கு அனுமதி இல்லை

புதுச்சேரி நகரின் வடபகுதியில் கடலை ஒட்டிய மீனவர் குடியிருப்பான குருசுக்குப்பம், தெற்கே அரியாங்குப்பத்தில் உள்ள பாரதியார் பல்கலைக்கூடத்துக்கும், வடக்கே காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக இயங்கும் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளிக்கும் இடைப்பட்டு நிற்பதால், ஆடவும் பாடவும் பயில வந்தவர்கள் இரு திசையிலிருந்தும் அறை தேடி ஏமாறுவதற்கு மிகவும் வசதியான இடமாகும். அட்வான்ஸ், அதாவது வீட்டைக் காலி செய்யும் நாளில் வெள்ளையடிப்பு, குழாய்ப் பழுது என்று தேய்ந்து திரும்பும் முன்தொகை, அங்கே முதற்கேள்வி அன்று. மணமானவரா, மீன் உண்பவரா (மீனவர் தெருவிலும் இது கேட்கப்படுவதுண்டு) என்பனவற்றைக் கடந்தபின், படிப்பின் பெயரைக் கேட்டதுமே வீடு ஏற்கெனவே பேசி முடிக்கப்பட்டதாகிவிடுகிறது. வார இறுதியில் நாள் வாடகைக்கு வந்து விடியும்வரை ஒலிபெருக்கியை அலறவிடும் வெளியூர்ச் சுற்றுலாக்காரரைப் பொறுத்துக்கொள்ளும் சுவர்கள், தட்டுக்கழியின், அதாவது நடன அடவுக்குத் தாளம் தட்டும் மரக்கோலின், ஓசைக்கு மட்டும் விரிசல் விடுமென்பது உரிமையாளர்களின் பொறியியல் துணிபு.

1908 முதல் 1918 வரை இதே புதுச்சேரியில் வாடகை வீட்டில் வாழ்ந்த பாரதியாரிடம் வாடகை கேட்க வரும் வீட்டுக்காரர் விளக்கெண்ணெய்ச் செட்டியார், பாட்டைக் கேட்டுவிட்டு வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பிவிடுவார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அதை இன்றைய உரிமையாளர்களும் நெகிழ்ச்சியோடு எடுத்துரைக்கிறார்கள். உரைத்து முடித்த கையோடு, வாடகை ஐந்தாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும் என்கிறார்கள்.