முட்டைக்கும் மஞ்சள் நீராட்டு

கேள்வி: ஈஸ்டர் முட்டைக்கு வீட்டிலேயே சாயம் போட வழி உண்டா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: அடுப்படியிலேயே சாயப்பட்டறை இருக்கிறதே! வெள்ளை முட்டையில் கொத்தமல்லி இலையை ஒட்டி, மெல்லிய துணியால் இறுக்கிக் கட்டி, வெங்காயச் சருகு போட்ட தண்ணீரில் கால் மணி நேரம் வேகவிடுங்கள். செம்பழுப்பு ஓட்டில் இலை மட்டும் வெளுப்பாகத் தெரியும். இன்னொன்றை மஞ்சள் தண்ணீரில் ஒரு கரண்டி வினிகர் விட்டு அவியுங்கள். புளிப்பு ஓட்டைச் சற்றே அரித்து நிறத்தைப் பிடிக்கவைக்கும். காய்ந்ததும் பாட்டியின் வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பைக் குச்சியில் தொட்டுக் கோலம் போட்டால் கோடு சிவக்கும். ஆரத்தித் தட்டு வேதியியல்தான்! ஆனால் நம் கோடை வெயிலில் அவித்த முட்டையைக் காட்சிக்கு வைக்காதீர்கள். தலையாட்டிப் பொம்மைக்குப் பக்கத்தில் வைக்க ஆசையென்றால், ஓட்டையிட்டு ஊதிக் காலிசெய்த கூடு போதும். உள்ளே இருந்தது ஆம்லெட்டுக்கு.